தோண்டாத முனிக்கு என் கண்

என் எடிட்டிங் மேசையில், கீபோர்டுக்குப் பக்கத்தில், ஓர் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருக்கிறது. குங்குமம் அப்பின பழம். ஏ.சி.க்காக மூடி வைத்த அறை என்பதால் பழத்தோடு வந்த கற்பூர வாசம் வெளியே போக வழியில்லாமல் இங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு கல்யாண வீடியோவை நாளைக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், நாத்தனார் முடிச்சுப் போடுகிறாள், நான் திரும்பத் திரும்பப் பழத்தையே பார்க்கிறேன். செத்த பிறகும் என்னை ஒரு வேலை செய்ய விடமாட்டாயா நீ?

பழம் நம் முனியிடமிருந்து வந்தது. ஆமாம், நீ பேர் வைத்தாயே, அவரிடமிருந்துதான். ஆடு மேய்க்கிற ராமாயக்கா தன் மகனைக் கூட்டிக்கொண்டு திருச்செங்கோட்டில் பஸ் ஏறி, சேலத்தில் இறங்கி, நாலு பேரிடம் வழி விசாரித்து, அஸ்தம்பட்டியில் என் ஸ்டுடியோவைக் கண்டுபிடித்து வந்துவிட்டாள். எதற்கு வந்தாள் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் உன்னைத் திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிடுகிறேன்.

உன்மேல் எனக்குப் பொறாமை. நீ இருக்கும்போது இதை நான் சொன்னதில்லை. சொல்லித் தெரிய வேண்டிய அவசியமும் உனக்கு இருந்ததில்லை. என் மூஞ்சியைப் பார்த்தாலே போதும். "என்னடி கத்திரி, வவுறு எரியுதா? மோரு குடிக்கறயா?" என்பாய். எல்லாவற்றையும் வெட்டுகிறவள் என்று நீ எனக்கு வைத்த பேர் கத்திரி. உனக்கு நான் ஒரு பேரும் வைக்கவில்லை. பேர் வைக்கிற வேலை எப்போதும் உன்னுடையதாகவே இருந்தது.

கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வீடியோ எடுத்துப் பிழைத்தவர்கள் நாம். நீ கேமரா பிடிப்பாய், குரல் கொடுப்பாய். நான் வெட்டி ஒட்டுவேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பின் நடுவே உனக்கு அணு உலைக் கிறுக்குப் பிடித்தது. செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் தின்றுகொண்டே நீ அதைச் சொன்னது நேற்று மாதிரி இருக்கிறது. அணு உலையில் எரிந்து முடிந்த கழிவு பல்லாயிரம் வருஷம் விஷமாகவே கிடக்குமாம். அதைப் பாறைக்கு அடியில் ஆழத்தில் புதைத்துவிடலாம். ஆனால் 'இங்கே தோண்டாதே' என்று பின்னால் வரப்போகிறவர்களுக்கு எப்படிச் சொல்லி வைப்பது என்று படித்தவர்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம்.

"அப்ப நம்ம பாஷையே இருக்காதுடி. போர்டு எழுதி வெச்சா எவன் படிப்பான்? ஒருத்தன் ரிக் வண்டியக் கொண்டாந்து அங்க நிறுத்தித் தண்ணிக்குப் போர் போட்டுட்டான்னா?" என்றாய்.

"எவன் வருவான்?"

"எங்கூர்க்காரன்தான். எங்கூரு ரிக் போகாத சீமை எங்க இருக்குது? அப்பவும் திருச்செங்கோட்டான்தான் வந்து நிப்பான், பாரு!"

உன் அண்ணன் அப்போது சொந்தமாக ஒரு போர்வெல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வாயில் கார சட்னியோடு நீ சொன்ன அந்தக் கேலிதான் நம் படம். மனுஷ குலம் என்ன ஆகப்போகிறது என்று அணு யுகத்தைப் பற்றி எடுத்த ஓர் ஆவணப்படம், ரிக் வண்டிக்குத் தேங்காய் உடைப்பதில் ஆரம்பித்தது. காய்ந்த காடு, லாரி, கற்பூரம். மேலே உன் குரல்: "இவரு இன்னும் பொறக்கலீங்க. பல்லாயிரம் வருசம் கழிச்சுத்தான் வருவாரு. தண்ணிக்காக வருவாரு. நாம யாருன்னே இவருக்குத் தெரியாது. ஆனா இவருக்கு நாம ஒரு சேதி சொல்லியாகோணும்."

அந்த ஷாட்டில் கற்பூரப் புகை லாரியை மறைத்து விலகுகிறதே, அந்த இடத்தில் உன் குரலைக் கொண்டுவந்து உட்கார வைக்க நான் நாள் கணக்கில் கண் பூத்துப்போனேன். படம் பார்த்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தக் குரல் யாருதுங்க?" வெளியார் கேட்டால் போகட்டும். என் வீட்டுக்காரரே சொன்னார், "அந்தப் புள்ள பேசினா அணுகுண்டுகூடத் தாலாட்டு மாதிரிதான் கேக்குது" என்று. அன்றைக்கு அவருக்கு உப்பில்லாத ரசம் ஊற்றினேன்.

ஆனால் கல் என் யோசனை. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. சேதியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் படம் பாதியில் நின்றபோது நான்தான் சொன்னேன்: எழுத்து மறந்துபோகும், படம் போட்டால் அர்த்தம் மாறிப்போகும், ஆனால் பயம் மட்டும் மாறாது; ஒரு முகத்தைச் செதுக்கி வைப்போம், பார்த்தவன் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். நீ மேசையில் ஓங்கி அடித்தாய். "இதுடி! இதுதாண்டி படம்!" உன் வாயிலிருந்து எனக்கு முழுசாகக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நாமக்கல் ரோட்டோரத்தில் சிலை செய்கிற பட்டறைக்குப் போனோம். "என்ன சாமிங்க?" என்று கேட்டார் அந்தக் கல்தச்சர்.

"சாமி இல்லீங்க. பாத்தா பயப்படோணும். கிட்டவே வரக்கூடாது" என்றாய்.

"பயப்படோணும்னா முனியப்பன்தானுங்களே?"

"சாமியே வேண்டாங்க!" என்று நான் கத்தினேன். நான் வரைந்து கொண்டுபோன தாளை விரித்து, கண் இப்படி, வாய் இப்படி என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர ஒன்றும் ஏறின மாதிரி தெரியவில்லை. வெயில் வேறு. எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறிவிட்டது. நீ கேமராவோடு பின்னால் நின்றுகொண்டு, "அண்ணா, அந்தத் தாளை உடுங்க. இவ மொகரையப் பாருங்க. இந்தக் கண்ணு, அப்படியே வெச்சுப்போடுங்க" என்றாய். அந்த மனுஷர் நிஜமாகவே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உளியை எடுத்தார். கல் தயாராகி வந்தபோது பார்த்தால் என் கண். பிதுங்கிக்கொண்டு, முறைத்துக்கொண்டு. பல்லும் மீசையும் அவர் கைச்சரக்கு. மீசை எதற்கு என்றதற்கு, "மூஞ்சி மொட்டையா இருந்துச்சுங்க" என்றார். நீ சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் அங்கே கிடந்த ஆட்டுரல் மேல் உட்கார்ந்துவிட்டாய்.

உன் அண்ணனின் மேட்டாங்காட்டில், விதைக்காமல் சும்மா கிடந்த மூலையில், கல்லை நட்டோம். ஆட்கள் ஒதுங்கிப் போவதை ஒரு மாசம் கழித்து வந்து படம் பிடிப்பதாகத் திட்டம். ஆடு மேய்க்கிறவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள், பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஓடும் என்று நான் ஷாட் ஷாட்டாக மனசில் வெட்டியே வைத்திருந்தேன்.

போய்ப் பார்த்தால், கல்லுக்கு மஞ்சள் பூசியிருக்கிறது! என் கண்ணுக்கு மை! கழுத்தில் எலுமிச்சை மாலை, முன்னால் ஓர் அரிவாள், தலைக்கு மேல் தென்னங்கீற்றில் ஒரு பந்தல். ராமாயக்கா ஆடுகளை ஓரமாக விட்டுவிட்டு விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறாள். சாமி வந்ததிலிருந்து ஆட்டுக்குச் சீக்கு நின்றுவிட்டதாம்.

நான் சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவள். இங்கே தடுக்கி விழுந்தால் ஒரு முனியப்பன் கோயில். விழி பிதுங்க அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறவர் காலடியில் பச்சைப்பிள்ளையைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிற சனம் நாம். இந்தச் சனத்தை விரட்ட ஒரு முரட்டு முகம் செய்து வைத்தேன் பார், என் புத்தியை எதில் அடிக்க! முகம் பயமாக இருக்க இருக்கத்தான் நம் ஆட்கள் கிட்டே போவார்கள். கல்தச்சர் முதல் வார்த்தையிலேயே சொன்னார், இரண்டு பேருக்கும் காதில் ஏறவில்லை. படம் போச்சு என்று நான் அந்தக் காட்டில் நின்று கத்தினேன். பணம் போச்சு, உழைப்பு போச்சு, எல்லாம் போச்சு என்று கத்தினேன்.

நீ கத்தவில்லை. கேமராவை ஓட விட்டாய்.

ராமாயக்கா உன்னிடம் வந்து கேட்டாள்: "அம்மணி, இது என்ன சாமிங்க? பேரு தெரியாம எப்படிக் கும்பிடறது?"

நீ யோசித்த மாதிரியே தெரியவில்லை. அந்தக் காட்சியை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன், நீ யோசிக்கவே இல்லை. "இவரு தோண்டாத முனிங்கக்கா. இவரு காலடி மண்ணுல கடப்பாரை படக்கூடாது. ஏன்னு கேக்கக்கூடாது. உங்க புள்ளைக்குச் சொல்லுங்க, புள்ளையோட புள்ளைக்கும் சொல்லச் சொல்லுங்க" என்றாய். ராமாயக்கா இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சேரிங்க" என்றாள்.

அவ்வளவுதான். படம் முடிந்துவிட்டது. எத்தனையோ பெரிய தலைகள் தேடின பதிலை ஒரு மூச்சில் சொல்லிவிட்டு நீ லென்ஸைத் துடைக்கப் போய்விட்டாய். எனக்கு ஏனடி அது வரவில்லை? நானும் அங்கேதான் நின்றேன். கல் என்னுடையது, கண் என்னுடையது, கேள்வியும் என் காதில்தான் விழுந்தது. நான் வாயைத் திறந்தபோது வந்தது கத்தல். நீ திறந்தபோது ஒரு சாமி வந்து நின்றது.

சேலத்தில் ஒரு கல்லூரியில் முதல் தடவை போட்டுக் காட்டினோமே. விளக்குப் போட்டதும் பிள்ளைகள் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் என்னிடம் ஓடி வந்தான். சரி, நம்மையும் ஒருத்தன் கேட்க வந்தானே என்று நிமிர்ந்தேன். "அக்கா, மைக்கை எங்க வெக்கறது?" என்றான். நீ தூரத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டாய். பஸ்ஸில் வரும்போது உன் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாய். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

போன ஆடியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அதிலும் முந்திக்கொண்டாய். நரை விழாமல், குரல் உடையாமல், எல்லாரும் ஐயோ என்கிற வயசில். உன் வீட்டு வாசலில் அந்தக் காட்சியை யாரோ போனில் ஓட்டி ஸ்பீக்கரில் போட்டார்கள். "ஏன்னு கேக்கக்கூடாது" என்று நீ சொன்னதும் கூட்டமே கதறியது. எனக்கு அழுகை வரவில்லை. அந்த இடத்தில் காற்று இரைச்சல் ஒன்றை நான் சரியாக வெட்டாமல் விட்டிருக்கிறேன். அது மட்டும்தான் என் காதில் விழுந்தது. உன்னிடம் காட்டித் திருத்த வேண்டும் என்று திரும்பினேன். அப்புறம்தான் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

இப்போது இன்றைக்குக் காலைக்கு வருகிறேன்.

ராமாயக்காவும் மகன் பழனிசாமியும் சோபாவில் உட்கார்ந்தார்கள். அந்த மூலையை உன் அண்ணன் கோயிலுக்கே விட்டுக்கொடுத்துவிட்டாராம். தகரக் கொட்டகை, சுற்றிலும் கம்பி வேலி, வருஷா வருஷம் பொங்கல் நோம்பி என்று நம் முனி வசதியாகத்தான் இருக்கிறார்.

"அக்கா, கோயிலுக்கு ஒரு போர் போடலாம்னு இருக்கறோம்ங்க" என்றான் பழனிசாமி. "பொங்க வெக்கறதுக்கு டிராக்டர்ல டேங்கு கொண்டாந்து ஊத்தறோம், கட்டுப்படியாகறதில்ல. தண்ணி பாக்கறவரு உள்ளங்கைல தேங்காய வெச்சுட்டு நடந்தாருங்க. சாமி காலடிக்கு வந்ததும் தேங்கா எந்திரிச்சு நின்னுருச்சு! அங்கதான் நல்ல ஊத்தாம்."

"வேற பாயிண்டே இல்லையா?"

"வேலியோரம் ஒண்ணு இருக்குதுங்க. அங்க தண்ணி கம்மியாத்தான் வரும்ங்கறாரு. அம்மா என்னடான்னா சாமி காலடில கையே வெக்கக்கூடாதுங்கறாங்க. அந்தக்கா போய்ட்டாங்க. கூட இருந்தது நீங்கதான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேட்டுக்குவாங்க."

உன் வார்த்தை என் கையில் வந்து விழுந்தது அப்போதுதான். நீ ஒரு மூச்சில் கட்டினதை நான் ஒரு மூச்சில் வெட்டலாம். கத்திரிதானே நான்? அவர்கள் தண்ணீருக்காகத்தான் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அது பாதி நிஜம். மீதிப் பாதி எது என்று உனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னேன். அது படத்துக்காக வைத்த கல், அடியில் விஷமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, தோண்டாத முனி என்பது என் சிநேகிதி அந்த நேரத்துக்குச் சொன்ன பேர், தாராளமாகத் தோண்டுங்கள் என்றேன். நம்ப வேண்டுமே என்று பட்டறையில் கல் செதுக்கினதைத் திரையில் ஓட்டிக் காட்டினேன். உன் சிரிப்புச் சத்தம் வந்தது. பழனிசாமிக்கு முகமெல்லாம் பல். "கேட்டுக்கிட்டயாம்மா?" என்றான்.

ராமாயக்கா முழுசையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "கல்ல நீங்க வெச்சது எனக்கு அப்பவே தெரியுங்க அம்மணி" என்றாள். "நீங்க வண்டில இருந்து எறக்கையில நான் ஆட்ட ஓட்டிக்கிட்டு வேலிக்கு அக்கட்டால நின்னுட்டுத்தான இருந்தேன்? எல்லாச் சாமியும் யாரோ ஒருத்தரு எறக்கி வெச்சதுதானுங்க."

திரையில் ஓடிக்கொண்டிருந்ததை நான் நிறுத்தினேன்.

"அந்தப் புள்ள எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுச்சு. நானும் சேரின்னு சொல்லிப்போட்டேன். சொன்னவ போய்ட்டா. இப்ப அத மாத்தறதுக்கு நான் யாரப் போய்க் கேக்கறது?"

"அதான் நான் சொல்றேனே அக்கா!"

"நீங்க வேறங்க. அந்தப் புள்ள வேற."

பார்த்தாயா! என் ஸ்டுடியோவில், என் நாற்காலியில், என் ஏ.சி.யில் உட்கார்ந்துகொண்டு! இத்தனை வருஷத்து எரிச்சலும் ஒன்றாகத் திரண்டு மேலே வந்தது. அவளை முறைத்தேன். நன்றாக முறைத்தேன்.

ராமாயக்கா என்னைப் பார்த்தாள். அப்படியே எழுந்தாள். ஒரு அடி பின்னால் போனாள். இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அடேய், அதே கண்ணுடா! சாமிக்குப் புடிக்கல. பாருடா, எப்படிப் பாக்குதுன்னு! வேலியோரமே போட்டுக்க, தண்ணி வந்த வரைக்கும் வரட்டும்" என்று மகனிடம் சொன்னாள். பழனிசாமி சிரிக்கப் பார்த்தான். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அவனும் சிரிக்கவில்லை. அவள் மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் என் முன்னால் வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கும்பிடு எனக்கு. கேட்டது உன் பேச்சை. என் பொறாமையைக் கொண்டே உன் சொல்லுக்குக் காவல் போட்டுவிட்டாய், அடி பாவி.

நாளைக்கு வேலியோரத்தில் ரிக் வந்து நிற்குமாம். வண்டி திருச்செங்கோட்டு வண்டி, வேறென்ன. தேங்காய் உடைப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள், காலடி மண்ணைத் தொடாமல் தள்ளிப் போய் இறக்குவார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. பழனிசாமி தன் பிள்ளைக்குச் சொல்லுவான், ஏன் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அடியில் ஒன்றுமில்லை என்று செய்தவளே நேரில் சொல்லியும் எடுபடவில்லை. நாம் படத்தில் கேட்ட கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் வந்தது. அந்தப் பதிலை நீ ஊகித்துச் சொன்னாய். நான் கண்ணால் பார்த்தேன்.

உன் கையில் இருந்திருந்தால் கேமரா ஓடியிருக்கும். இங்கே ஓடவில்லை. வெட்டுவதற்கு ஒரு துண்டு இல்லை, யாருக்கும் போட்டுக் காட்ட வழியில்லை. அவள் எழுந்தது, பின்வாங்கினது, பழத்தை வைத்தது எல்லாம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நம் படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்தவள் நான் ஒருத்திதான், நீ இல்லை.

எங்கே, மனசாட்சியைத் தொட்டுச் சொல், வயிறு எரிகிறதா இல்லையா? எரிந்தால் வா. இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை என்மேல் பொறாமைப்பட்டுவிட்டுப் போ. மோர் நான் தருகிறேன்.